லாரி முதலாளியும் ஓட்டுநரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்திலே ஏதேனும் ஒரு பொருள் குறித்துப் பேசவேண்டும் என்று நம் செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். தமிழ் கற்பிப்பதையே தொழிலாக உடையவன் யான். ஆதலின் காப்பியம் ஒன்றையோ நீதிநூல் ஒன்றையோ எடுத்து விரித்துரைப்பேன் எனப் பலரும் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், இங்குக் கூடியிருக்கும் குடும்பங்களுட் பல, லாரித் தொழிலால் வாழ்வு பெற்றவை. நம் அடுப்பில் உலை கொதிப்பதும், நம் பிள்ளைகள் கல்லூரிப் படி ஏறுவதும் அச்சக்கரங்கள் உருளுவதனாலே என்பது வெளிப்படை. அங்ஙனமாகவும், அவற்றை உருட்டுகின்ற ஓட்டுநரைப்பற்றி இம்மேடையில் ஒருநாளேனும் பேச்சு நிகழ்ந்ததாக யான் அறியேன். ஆதலின், இரண்டு முதல் நான்கைந்து லாரிகள் வரை வைத்து நடத்தும் சிறு கம்பெனிகளிலே ஓட்டுநர் படும் பாட்டினையும், அவர்பால் முதலாளிமார்க்குள்ள கடப்பாட்டினையும் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

யான் லாரி முதலாளியும் அல்லேன், ஓட்டுநனும் அல்லேன். எனினும், என்னிடம் பயிலும் மாணவருட் பலர் ஓட்டுநரின் மக்கள். பிள்ளையின் மதிப்பெண் அறியவேண்டிப் பள்ளிக்கு வரும் தந்தையர், ஊரில் இருக்கும் இரண்டொரு நாளில் வந்து போகின்றவர்கள், என்னோடு மனம்விட்டுப் பேசியதுண்டு. முதலாளிமாரோ என் உறவினரும் நண்பருமாவர். இருதிறத்தார் சொல்லையும் கேட்டே இதனைக் கூறுகின்றேன்.

முதற்கண் தொழிலின் தோற்றத்தைச் சிறிது நினைவுகூர்வோம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளிலே, காட்டை அடகு வைத்தும் நகையை விற்றும் உடன்பிறந்தாரும் உறவினரும் பங்கு சேர்ந்து ஒரு லாரி வாங்கினர். ஒருவர் ஓட்டினார்; ஒருவர் கிளீனராக உடன் சென்றார்; ஒருவர் ஊரிலிருந்து கணக்குப் பார்த்தார். அவ்வொன்று இரண்டாயிற்று. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் பெருகின. எரிவாயு ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகளுக்கு அவ்வூர் தலைமையிடமாயிற்று. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் பெற்றது. நேற்றைய கிளீனர் இன்றைய ஓட்டுநர்; இன்றைய ஓட்டுநர் நாளைய பங்காளி; அப்பங்காளியே பின்னர் முதலாளி. இவ்வாறு கைப்பாட்டாலே உயர்ந்தது நமக்குப் பெருமையே.

ஆயின், அப்பெருமையின் உள்ளேயே ஒரு குறையும் மறைந்து கிடக்கின்றது. தாமே ஓட்டுநராயிருந்து முதலாளியானவர், ஓட்டுநரின் துன்பத்தைப் பிறர் எவரினும் நன்கறிவார். அறிந்தும், "நானும் இரண்டு இரவு கண்விழித்து ஓட்டியவன்தானே! எனக்கு யார் சம்பளச் சீட்டுக் கொடுத்தார்?" என்று கேட்கின்றார். தாம் பட்ட துன்பம் பிறர் படுதற்கு ஒரு நியாயமாகிவிடுகின்றது. அன்று அவர் ஓட்டியது பெரும்பாலும் தம் பங்கு உள்ள வண்டியை. பட்ட பாட்டின் பயன் அவர் வீட்டிற்கே வந்தது. இன்றைய ஓட்டுநரோ பிறர் வண்டியை ஓட்டுகின்றார். இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

பழந்தமிழ் நாட்டிலே உப்பு வணிகராகிய உமணர் வண்டிகளிற் பண்டம் ஏற்றி நெடுவழி சென்றனர். வழியிலே அச்சு முறிதலும் கூடும் என எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வது அவர் வழக்கம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார், தகடூர் மன்னனாகிய அதியமானின் மகனைப் பாடுமிடத்து இதனை உவமையாகக் கொண்டார் என்பது புறநானூற்றால் அறியப்படும். அத்தகடூரை இக்காலத்துத் தருமபுரி என்பர். நம் லாரிகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்ற தொப்பூர்க் கணவாய் அதற்கு அணித்தே உள்ளது.

இன்றும் நம் லாரி ஒவ்வொன்றிலும் ஸ்டெப்னி என்னும் மாற்றுச் சக்கரம் உண்டு. தார்ப்பாய் கிழிந்தால் தைக்க நூலும், கயிறு அறுந்தால் கட்ட வேறு கயிறும் உண்டு. ஆனால் ஓட்டுநருக்கு மாற்று உண்டா? தேசிய அனுமதி பெற்ற லாரியிலே இரண்டு ஓட்டுநர் இருத்தல் வேண்டும் என்னும் விதி முன்னர் இருந்தது. 2018-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லாரிகள் ஏற்றத்தகும் எடையின் வரம்பும் உயர்த்தப்பட்டது. மூன்று அச்சு உடைய லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. ஓர் ஆண்டிலே ஆள் குறைந்தது, பாரம் ஏறியது. கிளீனரை வைத்துக்கொள்ளும் வழக்கமும் கூலி கட்டாமையால் அருகிவிட்டது. ஆகவே இக்காலத்து ஓட்டுநர், நள்ளிரவிற் சக்கரம் வெடித்தால் தாமே இறங்கி ஜாக்கி வைத்துத் தூக்கி, தாமே கழற்றி, தாமே மாட்டி, மீண்டும் தாமே ஓட்டவேண்டியவராயினார்.

இனி, சிறு கம்பெனியிலே கணக்கு நடக்கும் முறையைக் கூறுவேன். முதலாளிமார்க்கு இது புதிதன்று. எனினும் வீட்டிலிருக்கும் தாய்மார்களும் மாணவர்களும் அறிதல் நலம். ஓட்டுநர் புறப்படும்போது முதலாளி வழிச்செலவிற்குப் பணம் தருவார். டீசல், ஏற்றுகூலி, இறக்குகூலி, வழியிற் சிறு பழுது, தம் உணவு ஆகியவற்றை ஓட்டுநர் அதிலிருந்து செய்துகொள்ள வேண்டும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமான பின்னர்ச் சுங்கச்சாவடிக் கட்டணம் மட்டும் முதலாளியின் கணக்கிலிருந்து நேரே செல்கின்றது. ஊதியமோ சிலவிடத்து மாதச் சம்பளமாகவும், பலவிடத்து வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்னும் பங்காகவும், அதனோடு நாட்படியாகவும் பேசப்படுகின்றது. பேசப்படுகின்றது என்றேனேயன்றி, எழுதப்படுகின்றது என்றேனில்லை. லாரி ஊர் திரும்பியதும் ஓட்டுநர் செலவுச் சீட்டுகளைக் கொண்டுவந்து கணக்கு ஒப்புவிப்பார். முதலாளி தம் குறிப்பேட்டைப் பார்த்து, டீசல் இவ்வளவு மிகை, சரக்கில் இவ்வளவு குறை, அபராதம் இவ்வளவு எனக் கழித்து, எஞ்சியதைத் தருவார். அக்குறிப்பேடு முதலாளியின் மேசையிலேயே இருக்கும். ஓட்டுநரிடம் அதன் படி இராது.

ஓர் ஓட்டுநர் என்னிடம் கூறியது இது: "ஐயா, இருபது ஆண்டுகளாக ஓட்டுகின்றேன். என் மாத வருமானம் எவ்வளவு என்று பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பத்தில் எழுதக் கேட்கின்றீர்கள். எனக்கே தெரியாது. வாங்கிய முன்பணத்திற்குக் கழிந்தது போகக் கையில் வந்தது எவ்வளவோ அவ்வளவுதான்." அவர் எழுத்தறியாதவர் அல்லர். பல மாநிலத்துப் பெயர்ப்பலகைகளைப் படித்து, இந்தியும் தெலுங்கும் பேசி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறர் பொருளைப் பழுதின்றிச் சேர்ப்பவர். அத்தகையவர் தம் உழைப்பின் அளவை அறியாது வாழ்கின்றார்.

மற்றொருவர் கூறியது காத்திருத்தலைப் பற்றியது. வடநாட்டில் ஒரு பண்டகசாலை வாயிலிலே அவர் நான்கு நாட்கள் சரக்கு இறங்காமற் கிடந்தார். நிழல் இல்லை, குளிக்க நீர் இல்லை, வண்டியை விட்டு அகலவும் இயலாது, அகன்றால் டீசலும் தார்ப்பாயும் களவு போகும். லாரி ஓடும் நாளுக்கே படி என்பது அவர் கம்பெனி வழக்கம்; ஆதலின் அந்நான்கு நாட்களும் தம் பணத்திலேயே உண்டார். "ஓடினால் உடம்பு வலி, நின்றால் வயிற்று வலி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பு என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

இவற்றினும் கொடியது உறக்கமின்மை. லாரி எங்கே நிற்கின்றது, எவ்வளவு வேகத்திற் செல்கின்றது என்பதை முதலாளி தம் வீட்டிலிருந்தே கைப்பேசியிற் காண்கின்றார். வண்டி ஒரு மணி நேரம் ஓரிடத்தில் நின்றால் அழைப்பு வருகின்றது: "என்ன தம்பி, ஏன் நிற்கிறது?" "இல்லை அண்ணா, கொஞ்சம் கண் அசந்தேன்." "காலையில் லோடு இறங்க வேண்டுமே, பார்த்துக்கொள்." இவ்வுரையாடலிலே கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பி என்னும் அன்புமொழியே உள்ளது. ஆயினும் ஓட்டுநர் எழுந்து முகம் கழுவி வண்டியை எடுத்துவிடுகின்றார். வண்டி நிற்குமிடத்தைக் காட்டும் கருவி, அதனை ஓட்டுபவர் உறங்கினாரா என்பதைக் காட்டுவதில்லை.

சேவ்லைஃப் என்னும் அறநிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்நாட்டு லாரி ஓட்டுநர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுகின்றனர் என்றும், அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அயர்வும் உறக்கமும் வந்தபோதும் ஓட்டுவதாகக் கூறினர் என்றும் தெரிவித்தது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தால் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. அவ்வளவும் லாரிகளால் நேர்ந்தவை அல்ல. எனினும், உறங்காதவர் ஓட்டும் பாரவண்டி ஒன்று விடியற்காலையில் வரும்போது, அவர் உயிரோடு எதிரே வருபவர் உயிரும் தராசில் நிற்கின்றது.

"சரக்கு உரிய நேரத்திற் போய்ச் சேராவிட்டால் ஈ-வே பில் காலாவதியாகிவிடுமே" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அச்சீட்டின் விதியை எண்ணிப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்னும் அளவிலேயே அதற்குக் காலம் வகுத்துள்ளார்கள். ஆயிரம் கிலோமீட்டர் செல்லும் சரக்கிற்கு அரசு ஐந்து நாள் தருகின்றது. இரண்டு நாளில் சேரவேண்டும் என்று விரைவது சரக்கின் உடையவரும் புரோக்கரும் நாமுமேயன்றி அரசு அன்று.

சட்டம் இத்தொழிலாளரை மறந்துவிடவில்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்திற்கு 48 மணி நேரமுமே வேலை என்று பொதுவிதி வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் ஓட்டாமல் அரை மணி நேரமேனும் இளைப்பாறவேண்டும் என்றும், ஒரு நாள் வேலை முடிவதற்கும் மறுநாள் வேலை தொடங்குவதற்கும் இடையே 9 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்றும் கூறிற்று. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் அச்சட்டம் அடங்கிவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி என்னும் அளவு அத்தொகுப்பிலும் உளது.

ஆனால் இங்கே ஒன்றை உற்றுநோக்க வேண்டும். பழைய சட்டம் ஐவர்க்குக் குறையாத தொழிலாளரை உடைய கம்பெனிக்கே தானாகப் பொருந்திற்று. புதிய தொகுப்பிலோ அவ்வெண் பத்தாக உயர்ந்துள்ளது. நான்கு லாரியும் நான்கு ஓட்டுநரும் உடைய நம்மவர் கம்பெனி, அன்றும் அவ்வேலியின் புறத்தே நின்றது. இன்றும் புறத்தே நிற்கின்றது. பெரிய கம்பெனியின் ஓட்டுநருக்குச் சட்டம் காவலாக நிற்கக்கூடும். நம் ஓட்டுநருக்குக் காவல் யார்? முதலில் நம் மனச்சான்றே. இதனால் நம் கடமை குறைந்துவிடவில்லை, மிகுந்தே நிற்கின்றது.

நிற்க. முதலாளியின் பக்கத்தையும் கூறாவிடின் யான் நடுநிலை பிறழ்ந்தவனாவேன். சிறு முதலாளி செல்வத்திற் புரள்பவர் அல்லர். வண்டிக் கடனின் தவணை மாதந்தோறும் தவறாது வந்து நிற்கும். காப்பீடு, சாலைவரி, அனுமதிக் கட்டணம், டயர் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாடகையின் ஒரு பகுதியே முன்பணமாகக் கிடைக்கும். மிகுதி, சரக்கு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பச் சீட்டு திரும்பி வந்த பின்னரும் பல நாள் கழித்தே வரும். டீசல் விலை ஏறுமன்று வாடகை ஏறுவதில்லை. ஆக, புரோக்கர் முதலாளியை நெருக்க, முதலாளி ஓட்டுநரை நெருக்க, ஓட்டுநர் நெருக்குதற்குத் தம் உறக்கத்தையன்றி வேறொன்றும் இல்லாதவராகின்றார். நட்டம் மேலிருந்து கீழே வழிந்து, கடைசியில் நிற்பவர் மடியில் தேங்குகின்றது.

சிறு கம்பெனிக்கே உரிய ஓர் உயர்வும் உண்டு. அதனையும் சொல்லியாக வேண்டும். நமக்கு அறிமுகமான முதலாளி ஒருவர். மூன்று லாரிகள் உடையவர். அவர் ஓட்டுநர் நாகபுரிக்கு அருகே கடுங்காய்ச்சலில் விழுந்தார். செய்தி கேட்ட அன்றே முதலாளி வேறோர் ஓட்டுநரை அழைத்துக்கொண்டு ரயில் ஏறினார். நோயாளியை மருத்துவமனையிற் சேர்த்து, நான்கு நாள் உடனிருந்து, நலம் பெற்ற பின் ஊருக்கு அழைத்துவந்தார். மருத்துவச் செலவைக் கணக்கிற் கழிக்கவும் இல்லை. ஆயிரம் லாரி உடைய கம்பெனியில் ஓட்டுநர் ஓர் எண். நம்மிடத்திலோ அவர் ஒரு முகம். முதலாளி அவர் மனைவியை அறிவார். மக்கள் எந்த வகுப்பிற் படிக்கின்றனர் என்பதையும் அறிவார். இவ்வறிமுகம் ஒரு செல்வம்.

ஆயினும் அன்பை நம்பி எழுத்தைக் கைவிடுதல் எத்தகைய தீங்கு விளைக்கும் என்பதற்கு ஒன்று சொல்வேன். ஓட்டுநர் ஒருவர் ஒரே முதலாளியிடம் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். வெளிமாநிலத்திலே, விடியுமுன், சாலையோரம் விளக்கின்றி நின்ற லாரி ஒன்றின்மேல் அவர் வண்டி மோதிற்று. அவர் அங்கேயே உயிர் நீத்தார். முதலாளி நேரிற் சென்று உடலைக் கொணர்ந்தார். ஈமச்செலவு அனைத்தையும் ஏற்றார். உடன்பிறந்தானை இழந்தவர்போல் அழுதார். அவ்வழுகை மெய்யே, யான் கண்டேன்.

பின்னர் இழப்பீட்டு வழக்கு வந்தது. வேலையின்போது நேரும் விபத்திற்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் முறை. இப்பொழுது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிற் சேர்ந்துள்ளது. ஓர் ஓட்டுநரே உடைய கம்பெனியையும் அது விடுவதில்லை. இறந்தவரின் மாதக் கூலியிற் பாதியை, அவர் வயதிற்கேற்ப வகுத்த எண்ணால் பெருக்கி அத்தொகையைக் கணக்கிடுவர். ஆகவே முதற்கேள்வி, மாதக் கூலி எவ்வளவு என்பதே. அதற்கு விடை எவரிடமும் இல்லை. நியமனச் சீட்டு இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. வங்கியில் வரவு இல்லை. முதலாளியின் குறிப்பேட்டிலே "தம்பிக்கு" என்று மட்டும் எழுதி, எதிரே சில தொகைகள் இருந்தன. அத்தம்பி யார் என்று காப்பீட்டுக் கம்பெனியின் வழக்கறிஞர் கேட்டார்! பத்தொன்பது ஆண்டு உழைப்பு, அக்கேள்வியின் முன்னே சான்றின்றி நின்றது. வழக்கு மூன்றாண்டு நீண்டது. அவர் மகன் என் மாணவன், நன்கு படிப்பவன். பத்தாம் வகுப்போடு நின்று, பாடி கட்டும் பட்டறையிலே வெல்டிங் பழகச் சென்றுவிட்டான்.

தம்பி என்று அழைத்தது குற்றமன்று. தம்பியின் பெயரை எழுதாததே குற்றம். உறவு என்பது கணக்கிற்கு ஈடாகாது. மெய்யான உறவுடையவர்க்கே கணக்கைத் தெளிவாக எழுதிவைக்கும் கடமை மிகுதி. ஏனெனின் எழுதாத கணக்கினால் முதலிற் கெடுவது அவ்வுறவேயாகும்.

இன்னும் ஒன்று உளது. இதனைச் சொல்லலாமா, ஒழியலாமா என்று நெடுநேரம் எண்ணினேன். நம் சங்கத்தின் மேடையிற் சொல்லாவிடின் வேறெங்குச் சொல்வது? நம் லாரிகளை ஓட்டுவோர் எல்லாரும் நம் குலத்தார் அல்லர். பல குலத்தாரும் உளர். நம்மவரான ஓட்டுநர் சில ஆண்டு உழைத்தபின் அவருக்கு ஒரு லாரியில் நாலில் ஒரு பங்கு தந்து முதலாளியாக்குகின்றோம். அது நல்லதே. அதே ஆண்டுகள், அதே சாலையில், அதே விழிப்போடு உழைத்த பிறகுலத்து ஓட்டுநருக்கு அவ்வழி திறக்கப்படுகின்றதா? ஒருவர் முதலாளி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உண்டு கணக்குப் பேசுகின்றார். மற்றொருவர் வாயிலில் நின்றே சாவியைக் கொடுத்துப் போகின்றார். லாரியின் பிரேக் குலம் அறியாது. தொப்பூர் இறக்கமும் குலம் அறியாது. அவ்விறக்கத்திலே நம் பொருளையும் மானத்தையும் காப்பவர் கையை, ஊருக்குள் வந்ததும் வேறுபடுத்திப் பார்த்தல் நன்றியுடைமை ஆகாது. நம் குலம் உயரவேண்டும் என்பதற்காகவே இச்சங்கம் கண்டோம். நம்மிடம் வேலை செய்வோர் தாழ்ந்து கிடக்க, நாம் மட்டும் உயர்ந்தோம் என்பது உயர்வாகுமா?

இனி, நாம் செய்யத்தக்கன யாவை என்று சிலவற்றை முறையே கூறி முடிப்பேன். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

முதலாவது, எழுத்து. ஓட்டுநர் ஒவ்வொருவர்க்கும் அவர் பெயர், சேர்ந்த நாள், சம்பளம் அல்லது பங்கு, நாட்படி ஆகியவை குறித்த நியமனச் சீட்டு ஒன்று கையொப்பமிட்டுத் தருக. ஒவ்வொரு பயணத்தின் கணக்கையும் இரண்டு படியாக எழுதி, ஒன்றை ஓட்டுநரிடம் கொடுக்க. மாத ஊதியத்தை அவர் வங்கிக் கணக்கிற் செலுத்துக. கழிப்பன இன்னவை, கழிக்கலாகாதன இன்னவை என முன்னரே பேசி எழுதிவைக்க. வெடித்த டயருக்கும் வழியில் முறிந்த பட்டைக்கும் ஓட்டுநரின் கூலியிற் கழித்தல் தகாது. தேய்ந்த டயரைத் தேர்ந்தவர் அவர் அல்லர்.

இரண்டாவது, உறக்கம். இரவிற் சில மணி நேரம் வண்டி நின்றே தீரவேண்டும் என்று முதலாளியே விதித்துவிடுக. 5 மணி ஓட்டத்திற்கு அரை மணி ஓய்வும், இரு நாள் வேலைக்கிடையே 9 மணி ஓய்வும் என்னும் அளவை நாமே மேற்கொள்வோம். அவ்வோய்வு நேரத்தில் ஓட்டுநரைக் கைப்பேசியில் அழையாதிருப்போம். நெடுவழிக்கு இரண்டு ஓட்டுநரை அனுப்புதல் இயலுமாயின் அதுவே சாலச்சிறந்தது; நம் காலத்துச் சேம அச்சு அதுவே. புதிதாக உருவாகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என அரசு விதித்துள்ளது. நம் பழைய வண்டிகளுக்கு அவ்விதி பொருந்தாது. எனினும் ஒரு நல்ல மெத்தையும் மின்விசிறியும் கொசுவலையும் வைத்துக் கொடுத்தற்கு எந்த விதியும் தடையன்று.

மூன்றாவது, காத்திருக்கும் நாளுக்குப் படி. சரக்கு இறங்காமல் நிற்பது ஓட்டுநரின் பிழையன்று. ஓடும் நாளுக்கும் நிற்கும் நாளுக்கும் வயிறு ஒன்றே. புரோக்கரிடம் நிறுத்தக் கூலி கேட்டுப் பெறுதற்கு முதலாளி ஒருவராய் அஞ்சினால், சங்கத்து முதலாளிமார் பலராய்ச் சேர்ந்து கேட்கலாம்.

நான்காவது, காப்பு. வண்டிக்குக் காப்பீடு எடுக்கும்போது ஓட்டுநரின் பொறுப்பும் அதில் அடங்கியுள்ளதா என்று பார்த்து எடுக்க. இரண்டு ஓட்டுநரும் ஒரு கிளீனரும் செல்வாராயின் மூவருக்கும் எடுக்க. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்க்கென அரசின் நல வாரியம் ஒன்று உள்ளது. அதிற் பதிவு செய்தார்க்குப் பிள்ளைகளின் கல்விக்கும் விபத்திற்கும் உதவி உண்டு. ஊரில் இரண்டு நாள் மட்டுமே தங்கும் ஓட்டுநர் தாமே அலுவலகம் அலைந்து பதிந்துகொள்ள இயலாது. நம் சங்கத்து இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்மண்டபத்தில் அமர்ந்து, வேண்டிய ஆவணங்களைத் திரட்டி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தால் எத்துணைக் குடும்பம் வாழும்!

ஐந்தாவது, கல்வி நிதி. நம் சங்கத்துக் கல்வி நிதி இன்று நம் குலத்து மாணவர்க்கே வழங்கப்படுகின்றது. நம்மவரின் லாரிகளை ஓட்டும் ஓட்டுநர் எக்குலத்தாராயினும், அவர்தம் பிள்ளைகளுக்கும் அந்நிதியில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்று இப்பேரவையை வேண்டுகின்றேன். நிதியில் உள்ள பணம் முதலாளிமார் அளித்தது. முதலாளிமார் அளித்தது லாரி ஈட்டியது. லாரி ஈட்டியதில் ஓட்டுநரின் உறக்கம் கலந்துள்ளது. ஆகவே இது நாம் இடும் பிச்சையன்று. அவர்க்குரிய பங்கினைத் திருப்பித் தருதலேயாம். செயற்குழு இதனைத் தீர்மானமாகக் கொண்டு ஆராயும் என்று நம்புகின்றேன்.

முதலாளிமார்களே! நும்மைக் குறை கூறுதற்கு யான் வந்தேனல்லேன். நும்முட் பலர் தம் கையாலே சக்கரம் பிடித்து உயர்ந்தவர். அக்கையின் வருத்தம் இன்னும் நும் நினைவில் இருக்கும். அதனை, இவரும் படட்டும் என்பதற்குச் சான்றாக்காமல், இவர் படலாகாது என்பதற்குச் சான்றாக்குமாறு வேண்டுகின்றேன். தாய்மார்களே! நும் வீட்டு லாரி புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வழிபடுகின்றீர்கள். அன்று ஓட்டுநரின் வீட்டிலும் ஒரு தாய் வழிமேல் விழிவைத்து நிற்கின்றாள் என்பதை எண்ணி, அவர் கணக்குச் சீட்டு எழுதப்பட்டதா என்று நும் கணவரிடமும் மக்களிடமும் ஒரு சொற் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அது நடக்கும்.